கிடைக்காத டப்பாவைத் தேடுவது எப்படி: ஜியோகேச்சிங்கில் பொறுமை இழந்தவர்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

ஒருவர் ஒளித்து வைத்த டப்பாவை ஜிபிஎஸ் ஆயத்தொலைவைக் கொண்டு மற்றவர்கள் தேடிக் கண்டுபிடிக்கும் விளையாட்டு ஜியோகேச்சிங். அதில் முதல் சில டப்பாக்கள் சுலபமாகக் கிடைத்துவிடும். போனில் அம்புக்குறி காட்டும் இடத்துக்குப் போவோம், மரத்தடியில் குச்சிகளை விலக்குவோம், டப்பா இருக்கும், உள்ளே இருக்கும் லாக்புக்கில் பெயரை எழுதிவிட்டு வருவோம். ‘இவ்வளவுதானா’ என்று நினைக்கும்போதுதான் கடினம் 4 என்று குறிக்கப்பட்ட ஒன்று வந்து மாட்டும். வெயிலும் மழையும் பாராமல் ஒரு மரத்தைச் சுற்றிச் சுற்றி வந்து, கடைசியில் வெறுங்கையோடு திரும்ப நேரிடும். இந்த வழிகாட்டி அந்தக் கட்டத்துக்கு வந்தவர்களுக்கானது.

விளையாட்டின் பின்னணியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2000ஆம் ஆண்டு மே மாதத் தொடக்கம் வரை, பொதுமக்களுக்கான ஜிபிஎஸ் சிக்னலை அமெரிக்க அரசு வேண்டுமென்றே மழுக்கி வைத்திருந்தது. அந்தத் தடை நீங்கியதும் பிழை சட்டென்று பல மடங்கு குறைந்தது. மே 3ஆம் தேதி டேவ் அல்மர் என்பவர் ஓரிகன் மாநிலத்தின் பீவர்கிரீக் அருகே ஒரு கறுப்பு வாளியை வைத்து, அதன் ஆயத்தொலைவுகளை இணையத்தில் அறிவித்தார். சில நாட்களிலேயே மைக் டீக் என்பவர் அதைக் கண்டுபிடித்தார். அந்த வாளி பாதி மண்ணில் புதைந்திருந்தது. இன்றைய விதிகளில் குழி தோண்டி ஒளிக்கக் கூடாது. கையில் மண்வெட்டியோடு கிளம்பும் எண்ணம் இருந்தால் இப்போதே விட்டுவிடுங்கள். உலகம் முழுவதும் இன்று 30 லட்சத்துக்கும் மேற்பட்ட கேச்கள், அதாவது இப்படி ஒளித்து வைத்த டப்பாக்கள், இருக்கின்றன. நான் இங்கே பெரும்பாலும் விளையாட்டு பிறந்த அமெரிக்க வடமேற்குக் காடுகளை மனத்தில் வைத்து எழுதுகிறேன். டக்ளஸ் ஃபிர் மரங்களும் பாசியும் பெரணியும் நிறைந்த, ஜிபிஎஸ்ஸையும் மனிதரையும் ஒருசேரக் குழப்பும் நிலம் அது.

1. கிளம்பும் முன் கேச்சின் பக்கத்தைப் படியுங்கள்

தேடலில் பாதி வீட்டிலேயே முடியும். பலர் ஆயத்தொலைவை மட்டும் போனில் ஏற்றிக்கொண்டு ஓடுகிறார்கள். விளையாட்டின் இணையதளத்தில் அந்தக் கேச்சுக்கென உள்ள பக்கத்தில் இருக்கும் மற்ற எல்லாமே துப்புதான்.

ஒவ்வொரு கேச்சுக்கும் கடினம், நிலப்பரப்பு என்று இரண்டு மதிப்பெண்கள் இருக்கும். 1 முதல் 5 வரை, அரை அரையாக ஏறும். இரண்டையும் சேர்த்துப் படிக்க வேண்டும். நிலப்பரப்பு 1 என்றால் சக்கர நாற்காலியில் வருபவரும் அடையக்கூடிய இடம். எனவே கடினம் 4.5, நிலப்பரப்பு 1 என்று இருந்தால் மரத்தை அண்ணாந்து பார்த்துக் கழுத்தை நோகடித்துக்கொள்ள வேண்டாம். உட்கார்ந்த நிலையில் கைக்கு எட்டும் உயரத்தில், கண்ணெதிரே, வேறு ஏதோ பொருளின் வேஷத்தில் இருக்கிறது என்று பொருள். நிலப்பரப்பு 5 என்றால் படகோ மலையேற்றக் கயிறோ போன்ற சாதனம் தேவைப்படும். கடினம் 4 என்றால் ஒரே பயணத்தில் கிடைக்காமல் போவது சகஜம். அதைத் தெரிந்துகொண்டு போனாலே பாதி எரிச்சல் வராது.

அடுத்தது அளவு. மைக்ரோ 100 மில்லிலிட்டருக்கும் குறைவு. பழைய ஃபிலிம் டப்பா இந்த வகை. ஸ்மால் ஒரு லிட்டர் வரை, ரெகுலர் 20 லிட்டர் வரை. நானோ என்பது விரல் நுனி அளவுக் காந்தக் குப்பி. எங்கே தேட வேண்டாம் என்பதை அளவுதான் சொல்கிறது. ரெகுலரைத் தேடும்போது மரப்பட்டை இடுக்கில் விரல் விடுவது வீண் வேலை. ஆனால் நிறையப் பேர் அதைத்தான் செய்கிறார்கள், ஏனென்றால் போன வாரம் கிடைத்தது அங்கே.

பிறகு, முன்பு தேடியவர்கள் அந்தப் பக்கத்தில் எழுதிய பழைய பதிவுகள். கிடைத்தவர்கள், கிடைக்காதவர்கள் இரு தரப்பையும் தேதியோடு பாருங்கள். கடினம் 1.5 உள்ள கேச்சில், அனுபவசாலிகள் மூன்று பேர் தொடர்ந்து ‘கிடைக்கவில்லை’ என்று எழுதியிருந்தால் டப்பா அங்கே இல்லாமல் போயிருக்க வாய்ப்பு அதிகம். கடினம் 4.5 உள்ளதில் அதே மூன்று பதிவுகளுக்கு எந்த அர்த்தமும் இல்லை. கிடைத்தவர்கள் எழுதும் சிறு சொற்களும் பேசும். ‘நண்பர் பார்த்ததும் எடுத்துவிட்டார், நான் அங்கேயேதான் நின்றிருந்தேன்’ என்று ஒருவர் எழுதினால், கேச் மறைவில் இல்லை, மாறுவேடத்தில் இருக்கிறது. ‘கை எட்டவில்லை’ என்றால் உயரம். ‘முட்டியெல்லாம் சேறு’ என்றால் தாழ்வு.

ஹிண்ட் பெரும்பாலும் ஒவ்வொரு எழுத்தையும் 13 இடம் தள்ளிப் போடும் எளிய மறைகுறியில் இருக்கும், கேச்சின் பக்கத்திலேயே அவிழ்த்துக்கொள்ளலாம். கடைசி வரை அதைப் படிக்கக் கூடாது என்று ஒரு வீம்பு சிலருக்கு. எனக்கு அதில் உடன்பாடில்லை. ஹிண்டைப் படிக்காமல் ஒரு புதரைப் பிய்த்துப் போடுவதைவிடப் படிப்பது நல்லது.

கடைசியாக, அதே ஆள் ஒளித்த மற்ற கேச்களைப் பாருங்கள். ஒளிப்பவர்களுக்குப் பழக்கம் உண்டு. போலி ஆணி செய்பவர் மறுபடியும் போலி ஆணிதான் செய்வார். அவருடைய சுலபமான இரண்டு மூன்றை முதலில் எடுத்துவிட்டுக் கடினமானதற்குப் போனால் அவர் கை உங்களுக்குப் பழகியிருக்கும்.

புதிரை அவிழ்த்தால்தான் இடம் தெரியும் வகை கேச் என்றால், கிடைத்த விடையைக் காட்டுக்குப் போகும் முன் சரிபாருங்கள். அசல் இடம் வழக்கமாக இணையப் பக்கத்தில் காட்டிய புள்ளியிலிருந்து சுமார் மூன்று கிலோமீட்டர் தொலைவுக்குள்தான் இருக்கும். தவறான இடத்தில் எவ்வளவு நிதானமாகத் தேடினாலும் கிடைக்கப்போவதில்லை.

2. எப்போது நிறுத்துவது என்பதை முன்பே முடிவு செய்யுங்கள்

முக்கால் மணி நேரமோ, ஒன்றரை மணி நேரமோ, உங்கள் விருப்பம். ஆனால் வண்டியை விட்டு இறங்கும் முன் முடிவு செய்யுங்கள். தேடிக்கொண்டிருக்கும்போது இந்த முடிவை எடுக்க முடியாது. ‘இவ்வளவு நேரம் செலவழித்துவிட்டேன், இன்னும் பத்து நிமிடம்’ என்ற எண்ணம் அந்தப் பத்து நிமிடத்துக்கு முடிவே இல்லாமல் செய்துவிடும்.

3. அம்புக்குறியை எவ்வளவு நம்புவது

திறந்த வானத்தின் கீழ் ஒரு சாதாரண போன் சுமார் ஐந்து மீட்டருக்குள் இடத்தைச் சொல்லும். காட்டில் அப்படி இல்லை. சிக்னல் அடர்ந்த மரங்களிலும் பாறைச் சரிவிலும் மோதித் திரும்பி வரும். போன் அதையும் உண்மை என்று எடுத்துக்கொள்ளும். இதில் இன்னொன்றை மறந்துவிடுகிறோம்: ஒளித்தவரின் கருவிக்கும் அதே பிழை உண்டு. அவருடைய ஐந்து மீட்டரும் உங்களுடைய ஐந்து மீட்டரும் எதிரெதிர்த் திசையில் இருந்தால் பத்து மீட்டர் தள்ளி நிற்கிறீர்கள். ஐந்து மீட்டர் ஆரமுள்ள வட்டம் சுமார் 79 சதுர மீட்டர். பத்து மீட்டர் என்றால் 314. எரிச்சல் படுபவர்களில் பலர் அந்த 79க்குள்ளேயே சுழன்றுகொண்டிருப்பார்கள்.

செய்ய வேண்டியது இதுதான். இடத்தை அடைந்ததும் போனை இரண்டு மூன்று நிமிடம் அசையாமல் பிடியுங்கள். பிறகு முப்பது மீட்டர் விலகிப் போய், சாதாரண நடையில் திரும்பி வாருங்கள். அம்புக்குறி ‘வந்துவிட்டது’ என்று சொல்லும் இடத்தில் ஒரு குச்சியை வையுங்கள். வேறொரு திசையிலிருந்து மறுபடியும், மூன்றாவது திசையிலிருந்து மறுபடியும். மூன்று குச்சிகளுக்கும் நடுவே உள்ள இடம்தான் உங்கள் மையம். அதன் பிறகு போனைச் சட்டைப்பையில் போட்டுவிடுங்கள். பத்து மீட்டருக்குள் வந்த பிறகு அம்புக்குறியின் ஆட்டத்துக்கு ஏற்ப ஆடினால் நீங்கள் தேடவில்லை, அது உங்களை நடக்க வைக்கிறது.

4. ஒளித்தவர் எங்கே நின்றிருப்பார்?

இப்போது எதையும் தொடாமல் ஐந்து நிமிடம் நில்லுங்கள். ஒளித்தவர் எந்தப் பாதையில் வந்திருப்பார்? நடந்துபோகிறவர்கள் பார்க்காதபடி எந்த மரத்துக்குப் பின்னால் குனிந்திருப்பார்? டப்பா மழைநீரில் அடித்துப் போகக் கூடாது, வருடக்கணக்கில் தாக்குப்பிடிக்க வேண்டும், விளையாட்டு தெரியாதவர் தற்செயலாக எடுத்துவிடக் கூடாது. இந்த மூன்றும் நிறைவேறும் இடங்கள் ஒரு வட்டத்தில் அதிகம் இருக்காது.

இயற்கையில் இல்லாத ஒழுங்கைத் தேடுங்கள். விழுந்த குச்சிகள் வரிசையாக அடுக்கி இருக்காது. ஒரே அளவுக் கற்கள் தானாக ஒரு பொந்தின் வாயை மூடாது. மரப்பட்டைத் துண்டு மரத்தோடு சாய்த்துவைத்தது போல நிற்காது. பாசி ஓரிடத்தில் மட்டும் காய்ந்து பழுத்திருந்தால், யாரோ அதை எடுத்து எடுத்து வைக்கிறார்கள். பெரணிக்கு நடுவே எங்கும் போகாத ஒற்றையடித் தடம் தெரிந்தால், அது உங்களுக்கு முன் வந்து தேடியவர்களின் தடம். ஆனால் அந்தத் தடத்தை முழுதாக நம்பாதீர்கள். கிடைக்காதவர்களும் நடந்து நடந்து அதைப் போட்டிருப்பார்கள்.

மாறுவேடங்களில் அடிக்கடி வருபவை சில. பாலங்களிலும் இரும்புக் கைப்பிடிகளிலும் போலி நட்டு, போலி ஆணி: பக்கத்து ஆணிகளில் துருவும் பெயின்ட்டும் இருக்க, இது மட்டும் சுத்தமாக இருக்கும். தகவல் பலகைகளின் பின்பக்கத்தில் பெயின்ட் அடித்த காந்தத் தகடு: பலகையின் நிறத்திலேயே இருக்கும், ஓரத்தை நகத்தால் வருடினால் தட்டுப்படும். கல் போன்ற டப்பா: எடை காட்டிக்கொடுக்கும். நடுவில் துளையிட்ட பைன் காய். பட்டை ஒட்டிய மரத்தக்கை. ஊசியிலை மரக் கிளையில் தொங்கும் பச்சை நிறச் சிறு உலோகக் குழல். இதுதான் கண்ணை நன்றாக ஏமாற்றும், ஏனென்றால் ஊசியிலைகளுக்கு நடுவே நேர்க்கோடுகள் ஏற்கெனவே ஆயிரம். வேலிக் கம்பத்தின் குழாய்க்குள் மீன்பிடி நரம்பில் கட்டித் தொங்கவிட்டவையும் உண்டு. குழாயின் விளிம்பில் நரம்பின் முடிச்சு மட்டும் தெரியும். நகரத்து வாகன நிறுத்துமிடங்களில் விளக்குக் கம்பத்தின் அடியில் இருக்கும் உலோக மூடி பெரும்பாலும் தூக்கினால் மேலே வரும். அமெரிக்காவில் இது தேய்ந்துபோன தந்திரம், ஆனாலும் புதியவர்கள் விழுகிறார்கள்.

5. ‘அங்கே பார்த்தாகிவிட்டது’

கடினமான கேச்சில் உங்களைத் தோற்கடிப்பது பெரும்பாலும் இந்த வாக்கியம்தான். கடைசியில் கிடைத்தவர்களிடம் கேட்டுப் பாருங்கள், பெரும்பாலோர் ‘முதல் நாளே அந்த இடத்தைப் பார்த்தேன்’ என்பார்கள்.

இதற்கு ஒரு பெரிய உதாரணம் உண்டு. 2009 ஜூன் 1 அன்று ஏர் பிரான்ஸ் 447 விமானம் அட்லாண்டிக்கில் விழுந்தது. கறுப்புப் பெட்டியின் ஒலிச் சமிக்ஞையைக் கேட்கக் கப்பல்கள் கடைசியாகத் தெரிந்த இடத்தைச் சுற்றிச் சென்றன, ஒன்றும் கேட்கவில்லை. அந்தப் பகுதியை ஒதுக்கிவிட்டு வேறு இடங்களில் தேடினார்கள். பிறகு புள்ளியியல் ஆய்வாளர்கள் கணக்கைப் புதிதாகப் போட்டார்கள்: ஒலி எழுப்பும் கருவிகளே பழுதாகியிருந்தால்? அப்படியென்றால் ‘கேட்கவில்லை’ என்பதற்கு ‘அங்கே இல்லை’ என்று பொருளில்லை. 2011 ஏப்ரலில் அந்தப் பழைய பகுதியிலேயே, புதிய தேடல் தொடங்கிச் சில நாட்களில், விமானத்தின் சிதைவுகள் கிடைத்தன.

ஒரு இடத்தைத் தேடி ஒன்றும் கிடைக்காவிட்டால், அங்கே இருக்கும் வாய்ப்பு குறைகிறது, பூஜ்ஜியமாவதில்லை. எவ்வளவு குறைகிறது என்பது எப்படித் தேடினோம் என்பதைப் பொறுத்தது. எனவே வட்டத்தைத் துண்டுகளாகப் பிரியுங்கள்: இந்த விழுந்த மரம், அந்த அடிக்கட்டை, மூன்று மரம் சேர்ந்த கொத்து. ஒவ்வொன்றுக்கும் போனிலோ துண்டுக் காகிதத்திலோ மூன்று குறிகளில் ஒன்றைப் போடுங்கள்: கண், கை, கண்ணாடி. கண்ணால் மட்டும் பார்த்தது, கையால் தடவியது, சிறு கண்ணாடியும் டார்ச்சும் விட்டு அடிப்பக்கமும் பார்த்தது. கண் குறி மட்டும் போட்ட இடத்தைத் தேடியதாகவே கணக்கில் வைக்காதீர்கள். இந்தப் பட்டியலைப் பார்த்தால் ஒன்று புரியும்: மணிக்கணக்கில் நின்றிருந்தாலும், கண்ணாடி வரை போன இடங்கள் இரண்டோ மூன்றோதான் இருக்கும்.

உயரத்தையும் பிரியுங்கள். நின்றுகொண்டு தேடுபவரின் கண் இடுப்பிலிருந்து நெற்றி வரை உள்ள பகுதியில்தான் மேயும். உட்கார்ந்து பாருங்கள். மரத்தில் முதுகைச் சாய்த்து எதிர்த்திசையில் பாருங்கள். தலைக்கு மேலே ஒரு கை நீளம் வரை தடவுங்கள். பகலிலும் டார்ச் அடியுங்கள், அதுவும் பொருளின் மீது சாய்வாக. விளிம்புகளும் நரம்பும் ஒட்டுப்போட்ட கோடுகளும் அந்த ஒளியில் எழுந்து நிற்கும். பையில் இருக்க வேண்டியவை அதிகமில்லை: நீளும் கைப்பிடியுள்ள கண்ணாடி, அதே போன்ற காந்தக் குச்சி, டார்ச், தடித்த கையுறை, நானோவின் சுருள்தாளை உருவ ஒரு சாமணம், பேனா.

கையுறை இல்லாமல் பொந்துக்குள் கையை விடாதீர்கள். வடமேற்கில் முட்செடிகளும் காஞ்சொறிச் செடிகளும் குளவிக்கூடும் காத்திருக்கும். வேறு ஊர்களில் தேள், பாம்பு.

6. எரிச்சல் ஏறும்போது

அறிகுறிகள் எளிது. ஒரே அடிக்கட்டையை மூன்றாவது முறை புரட்டுகிறீர்கள். செடியை விலக்குவதை விட்டுவிட்டுப் பிடுங்குகிறீர்கள். திருகாணியைக் கழற்றிப் பார்க்கலாமா என்று தோன்றுகிறது. கூட வந்தவரிடம் பதில் ஒற்றைச் சொல்லில் வருகிறது.

உடனே இருபது மீட்டர் விலகிப் போய் உட்காருங்கள். தண்ணீர் குடியுங்கள். கூட வந்தவர் இருந்தால் இடங்களை மாற்றிக்கொள்ளுங்கள். அவர் கண் குறி போட்டதை நீங்கள் கையால் பாருங்கள். குழந்தைகள் இருந்தால் ‘இங்கே எது வித்தியாசமாக இருக்கிறது’ என்று மட்டும் கேளுங்கள், டப்பாவைத் தேடச் சொல்லாதீர்கள்.

எரிச்சலில் செய்யவே கூடாதவை உண்டு. மின்பெட்டியைத் திறக்கக் கூடாது. இங்கிலாந்து போன்ற ஊர்களில் சாந்து இல்லாமல் அடுக்கிய கல்சுவர்களில் கல்லை உருவக் கூடாது. ஒரு கல் போனால் சுவரே சரியும். தனியார் வேலியைத் தாண்டக் கூடாது. பொது இடத்தில் பதற்றத்தோடு சுற்றிச் சுற்றி வருவதும் ஆபத்துதான். 2011இல் இங்கிலாந்தின் வெதர்பி நகரில், ஒரு காபிக் கடை அருகே ஒருவர் டப்பாவை எடுத்து வைப்பதைப் பார்த்துச் சந்தேகித்துப் போலீஸுக்குச் சொல்ல, வெடிகுண்டு நிபுணர்கள் வந்து அந்தக் கேச்சை வெடிக்க வைத்தார்கள். யாராவது ‘என்ன செய்கிறீர்கள்’ என்று கேட்டால் உண்மையைச் சொல்லிவிடுங்கள். ‘சாவி தொலைந்துவிட்டது’ என்ற கதை சந்தேகத்தைக் கூட்டும், அல்லது அவரும் சாவி தேட இறங்கிவிடுவார்.

வானிலை இதைவிட முக்கியம். 2018இல் பிராக் நகரில் ஓடையொன்றின் நிலத்தடிச் சுரங்கத்தில் தேடிக்கொண்டிருந்த குழுவைத் திடீர் மழைவெள்ளம் அடித்துச் சென்று உயிரிழப்பு நேர்ந்தது. ‘இவ்வளவு தூரம் வந்துவிட்டோம்’ என்பதற்காக எந்தச் சுரங்கத்திலும், சரிவிலும், ஓடையிலும் இறங்க வேண்டியதில்லை.

7. கிடைக்கவில்லை என்று எழுதுங்கள்

குறித்த நேரம் முடிந்தது, டப்பா இல்லை. வீட்டுக்கு வந்து ‘டிஎன்எஃப்’, அதாவது ‘கிடைக்கவில்லை’ என்ற பதிவு போடுங்கள். இதை வெட்கமாக நினைத்து விட்டுவிடுபவர்கள் ஏராளம். இடத்துக்குப் போய்த் தேடியிருந்தால் எழுத வேண்டும் என்பது என் கட்சி. கேச்சை ஒளித்த ஓனருக்கு அது தகவல்: நான்கைந்து பேர் எழுதினால்தான் அவர் போய்ப் பார்ப்பார். விளையாட்டை நடத்தும் தளமும் கடின மதிப்பெண்ணோடு ஒப்பிட்டு இந்தப் பதிவுகளைக் கணக்கில் எடுத்துக்கொள்கிறது. எழுதாமல் விட்டால், காணாமல் போன டப்பாவுக்கு அடுத்தவரும் ஒரு நாளைப் பலிகொடுப்பார். ‘கிடைக்கவில்லை’ என்று மட்டும் எழுதாமல், எவ்வளவு நேரம், எந்த வானிலை, ஜிபிஎஸ் எப்படி ஆடியது என்பதையும் எழுதுங்கள். ஆறு மாதம் கழித்து உங்களுக்கே உதவும்.

இன்னொரு கெட்ட வழக்கம், கிடைக்காத இடத்தில் தன் கைவசம் உள்ள டப்பாவை வைத்து ‘கிடைத்தது’ என்று பதிவது. பெரும்பாலும் அசல் டப்பா அங்கேயே இருக்கும். இனி ஒரே கேச்சுக்கு இரண்டு டப்பா. ஓனர் அனுமதியில்லாமல் இதைச் செய்யாதீர்கள்.

8. உதவி கேட்பது

ஒருமுறை நேர்மையாகத் தேடிய பிறகு கேட்பதில் தவறில்லை. ஓனருக்கோ அண்மையில் கண்டெடுத்தவருக்கோ எழுதுங்கள். ‘எங்கே இருக்கிறது?’ என்று கேட்டால் பதில் வராது, வந்தாலும் மகிழ்ச்சி இருக்காது. எங்கெங்கே, எப்படிப் பார்த்தீர்கள் என்று உங்கள் கண்-கை-கண்ணாடிப் பட்டியலைக் கொடுத்து, ‘நான் சரியான மரக்கொத்தில்தான் இருக்கிறேனா?’ என்று ஆம், இல்லை பதில் வரும்படி ஒன்று கேளுங்கள்.

9. எப்போது திரும்பிப் போவது

மறுநாளே வேண்டாம். ஏதாவது மாறியிருந்தால் மட்டும் திரும்பிப் போங்கள்: பருவம், வெளிச்சம், கூட வருபவர், அல்லது கையில் ஒரு புதுத் துப்பு. வடமேற்கில் குளிர்காலம் கைகொடுக்கும். மேப்பிள் இலை உதிர்ந்து, முட்புதர்கள் மெலிந்து, கோடையில் பச்சைச் சுவராக நின்ற இடத்தில் அடிக்கட்டைகள் தெரியும். காலை, மாலைச் சாய்வு வெயில் டார்ச்சின் வேலையைத் தானே செய்யும். திரும்பிப் போகும்போது பழைய மையத்தை நம்பாமல் மூன்று குச்சிகளை மறுபடியும் வையுங்கள்.

சிலவற்றை விட்டுவிடவும் வேண்டும். சுலப மதிப்பெண், நீண்ட காலமாக யாருக்கும் கிடைக்கவில்லை, ஓனரிடமிருந்து பதில் இல்லை என்றால், பராமரிப்பு தேவை என்று ஓனரின் கவனத்துக்கு ஒரு பதிவு போடுங்கள். அப்போதும் அசைவில்லை என்றால், தளத்தின் சார்பில் கேச்களைச் சரிபார்க்கும் ரிவ்யூவருக்கு. மனத்துக்குப் பிடிக்காத வகை என்றால், உதாரணத்துக்குப் பெரிய காட்டில் ஒரு நானோ, வரைபடத்திலிருந்து மறைத்துவிடுங்கள். பொழுதுபோக்குக்காக வந்தோம், கடன் அடைக்க வரவில்லை.

10. கிடைத்த பிறகு

லாக்புக்கில் பெயரும் தேதியும். டப்பாவை எடுத்த அதே இடத்தில், அதே பக்கம் பார்த்து, அதே குச்சிகளால் மூடி வையுங்கள். ‘இன்னும் நல்ல இடம்’ என்று நகர்த்துவது அடுத்தவரின் தேடலைக் கெடுக்கும். பதிவில் படம் போடும்போது பின்னணியில் ஒளிவிடம் தெரிகிறதா என்று பாருங்கள். எத்தனை பயணத்துக்குப் பிறகு கிடைத்தது என்பதைத் தயங்காமல் எழுதுங்கள். கடின மதிப்பெண் சரிதானா என்று ஓனருக்கு அதிலிருந்துதான் தெரியும்.

இனி அதே கேச்சைப் பற்றி யாராவது உங்களுக்கு எழுதுவார். பதில் சொல்லும் முன், எங்கெங்கே எப்படிப் பார்த்தார் என்று கேளுங்கள். பெரும்பாலும் அவர் ‘பார்த்தாகிவிட்டது’ என்று சொல்லும் பட்டியலிலேயே அந்த இடம் இருக்கும். அதை இன்னொரு முறை கையால் பார்க்கச் சொன்னால் போதும்.